சத்தம் வெளியே போகாத ரூம்... காற்று மட்டும் எப்படி உள்ளே வரும்?

மொட்டைமாடியில் தனியாக ஒரு ரூம். சுவர் முழுக்க கிளாஸ் வூல், கதவு ஓரமெல்லாம் ரப்பர் பீடிங், ஜன்னலே கிடையாது. படம் பார்க்கலாம், டிரம்ஸ் வாசிக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வரமாட்டார். ஆனால், இடைவேளை வருவதற்குள் ஒருவருக்குத் தலைவலி, இன்னொருவருக்குக் கண் சொக்குகிறது. படத்தைக் குறை சொல்லாதீர்கள். காற்றுதான் பழசு!

ஏ.சி ஓடுகிறதே?

ஸ்பிளிட் ஏ.சி அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிரவைக்கிறது. வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் ஒரு மணி நேரத்தில் சுமார் 18-20 லிட்டர் கார்பன் டை ஆக்ஸைடை வெளிவிடுகிறார். வெளிக்காற்றில் அதன் அளவு சுமார் 420 பி.பி.எம். பத்துக்குப் பத்து அறையை இறுக மூடி நான்கு பேர் உட்கார்ந்தால், கால் மணி நேரத்துக்குள் 1,000-ஐத் தாண்டும். ஒரு மணி நேரத்தில் 3,000-ஐ நெருங்கும். அறைக் காற்றுக்கு 1,000 தான் எல்லை என்று ஜெர்மனியின் மேக்ஸ் வான் பெட்டன்கோஃபர் 1858-லேயே சொல்லிவிட்டார்.

என்ன செய்யலாம்?

* இரண்டு துளைகள் தேவை. ஒரு சுவரில் கீழே, எதிர்ச்சுவரில் மேலே. உள்ளே வர வழியில்லாமல் எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் போட்டால், அது வெறுமனே சுற்றும்.

* துளை வழியே சத்தம் போகாதா? துளைக்கு வெளியே, உள்ளே தடுப்புகள் வைத்த மரப்பெட்டியைப் பொருத்துங்கள். காற்று வளைந்து வளைந்து போய்விடும். சத்தமோ ஒவ்வொரு திருப்பத்திலும் கிளாஸ் வூலில் மோதி அடங்கும். தூசி பறக்காமல் கிளாஸ் வூல்மீது துணி போர்த்துவது அவசியம். பெட்டிக்குள் வழி எங்கேயும் குழாயைவிடக் குறுகக் கூடாது.

* ஒருவருக்கு நொடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்று என்று கணக்கிட்டால், நான்கு பேருக்குச் சுமார் 85 சி.எஃப்.எம். திருப்பங்களில் வேகம் குறையும் என்பதால், கொஞ்சம் பெரிய இன்லைன் ஃபேனாக வாங்கி, மெதுவாக ஓடவிடுங்கள். இரைச்சலும் குறையும்.

இதை மறக்காதீர்கள்!

கரன்ட் போனால் ஃபேனும் நின்றுவிடும். உடனே கதவைத் திறந்துவிடுங்கள். ஜெனரேட்டர், கரி அடுப்பு இரண்டும் இந்த அறைக்குள்ளோ, காற்று நுழையும் துளையின் அருகிலோ கூடவே கூடாது. அவற்றிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது, உயிரையே பறித்துவிடும். வேலை முடியும்வரை, அந்த அறையில் கதவை மூடிக்கொண்டு குழந்தைகளைத் தூங்கவிடாதீர்கள்!