கூலி கொடுத்துக் கேட்ட கதை

வாங்குகிற கூலியிலேயே கொஞ்சம் எடுத்துக் கொடுத்து, வேலை நேரத்தில் கதை படிக்க ஒரு ஆளை நீங்கள் வைத்துக்கொள்வீர்களா? அமெரிக்காவில் சுருட்டுத் தொழிலாளர்கள் வைத்துக்கொண்டார்கள், நேயர்களே!

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம். ஃப்ளோரிடா மாநிலத்து டாம்பா நகரம். கியூபா, ஸ்பெயின், இத்தாலி என்று எங்கெங்கிருந்தோ பிழைக்க வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்து, நாள் முழுக்கச் சுருட்டு சுற்றுவார்கள். உயரமான மேடையில் அமர்ந்து ஒருவர் ஸ்பானிஷ் மொழியில் படிப்பார். முதலில் செய்தித்தாள், அப்புறம் நாவல். எந்த நாவல் என்பதைத் தொழிலாளர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்களாம். மைக் கிடையாது, கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும். தொண்டை என்ன பாடு பட்டிருக்கும்! படித்தது பிடித்துப்போனால் கைதட்டுவதில்லை. இலை வெட்டும் கத்தியால் மேஜையில் டக் டக்கென்று தட்டுவார்கள். பள்ளிக்கூடம் பக்கம் போகாதவர்களுக்குக்கூட பிரெஞ்சு எழுத்தாளர் விக்தர் ஹ்யூகோவின் கதைகள் அத்துப்படி.

தொழிலாளர் உரிமை, போராட்டம் என்றெல்லாம் மேடையில் வாசித்தால் முதலாளிகள் சும்மா இருப்பார்களா? 1931-ல் வாசிப்பையே நிறுத்திவிட்டார்கள். அந்த இடத்தில் கொண்டுவந்து வைத்தது, நம்ம ரேடியோவைத்தான்!