பால் மறக்காத பிள்ளை

இரண்டு வயது தாண்டியும் பிள்ளை மார்பை விடவில்லையென்றால் கிழக்கிலங்கையின் அக்கரைப்பற்று வீடுகளில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். வேப்பிலையை அரைத்துப் பூசு என்பார் ஒருவர். கரியபோளம் பூசு என்பார் இன்னொருவர். "ரெண்டு நாள் கசந்தா தன்னால விட்ரும்" என்று உம்மம்மா உறுதி கூறுவார். சில பிள்ளைகள் விட்டும் விடுகின்றன. சில, உம்மாவின் சட்டையைப் பிடித்திழுத்து விடிய விடியக் கத்துகின்றன.

அந்தக் கத்தலைப் பிடிவாதம், செல்லம் என்று ஒதுக்கிவிட முடியாது. 1974இல் அமெரிக்க உயிரியலாளர் ராபர்ட் டிரிவர்ஸ், தாய்க்கும் பிள்ளைக்கும் இடையிலான முரண்பாடு பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பால் மறக்கடிக்கும் காலம் அதில் முக்கிய உதாரணம். தாயின் உடல் அடுத்த பிள்ளைக்கும் வலுவைச் சேமிக்க வேண்டும். கையிலிருக்கும் பிள்ளையோ தனக்கு இன்னும் கொஞ்சம் கேட்கிறது. உயிரியல் கணக்கில் இருவருமே சரி. அதனால்தான் குரங்குக் குட்டிகளும் இதே காலத்தில் வீறிட்டு அழுது அடம்பிடிக்கின்றன.

தான்சானியாவின் கோம்பே காட்டில் ஆய்வாளர் ஜேன் குடால் கவனித்த ஃப்ளோ என்ற வயதான சிம்பன்சி, தன் மகன் ஃப்ளிண்டின் அடத்துக்கு முன் தோற்றுப்போனாள். 1968இல் தங்கை பிறந்த பிறகும் அவன் தாயின் முதுகிலேயே ஏறினான். இரவில் அவளது கூட்டிலேயே படுத்தான். 1972இல் ஃப்ளோ இறந்தபோது அவனுக்கு எட்டு வயது. சில வாரங்களில் அவனும் இறந்துபோனான். நம் பிள்ளைக்கு இப்படி ஆகிவிடும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வயிறு நிறைந்த பிறகும் அந்தப் பிள்ளை தேடுவது பாலை மட்டுமல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

கசப்பு ஏன் வேலை செய்கிறது? காட்டுச் செடிகளின் நஞ்சுகளில் பல கசப்பானவை. எனவே கசப்பை உடனே துப்பும் நாக்கோடுதான் பிள்ளை பிறக்கிறது. சிக்கல், பூசும் பொருளில். கரியபோளம் என்பது கற்றாழை மடலிலிருந்து வடியும் மஞ்சள் பால் காய்ந்து இறுகியது. அதைக் கசக்க வைக்கும் அலோயின், கடுமையான பேதி மருந்தும்கூட. வேப்பெண்ணெயைப் பற்றி 1981இல் மலேசிய மருத்துவர்கள் லான்செட் சஞ்சிகையில் எழுதினார்கள். வைத்தியமென்று அந்த எண்ணெய் ஊட்டப்பட்ட குழந்தைகளுக்கு வாந்தி, மயக்கம், வலிப்பு வந்திருந்தது. ஊட்டுவதும் பூசுவதும் ஒன்றல்லதான். ஆனால் பூசியதும் போவது பிள்ளையின் வாய்க்குத்தானே.

இதில் வேடிக்கை என்னவென்றால், சுவையை மாற்றும் வேலையைத் தாயின் உடல் தானாகவே செய்கிறது. ஊட்டுவது நின்றதும் பாலில் சர்க்கரை குறைகிறது, உப்பு கூடுகிறது. அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதை 1978இலேயே அளந்து காட்டினார்கள். மார்பு நிறைந்தே இருந்தால், போதும் என்ற தகவல் பால் சுரக்கும் கலங்களுக்குப் போகிறது; நாளடைவில் அவற்றில் பல அழிந்துவிடுகின்றன. இதற்கு அவகாசம் வேண்டும். ஒரே நாளில் நிறுத்தினால் பால் கட்டி மார்பு கல்லாகிவிடும்.

ஆகவே ஒரு வேளையை விட்டு, சில நாள் கழித்து அடுத்த வேளையை விடுவதே நல்லது. பகலில் பொழுது போகாமல் குடிப்பதை முதலில் நிறுத்தலாம். கேட்கும் நேரத்துக்குச் சற்று முன்பே சோறோ பழமோ கொடுத்துவிடலாம். தூங்கப்போகும் நேரத்துப் பால்தான் கடைசிக் கோட்டை. அங்கே இந்த ஊருக்கு ஒரு வசதி உண்டு. 1969 தொட்டு அக்கரைப்பற்றில் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே பதிவுசெய்ததுபோல, இங்கே கல்யாணம் முடித்த ஆண்தான் பெண் வீட்டுக்கு வருகிறான். பெண்ணின் உம்மாவும் தங்கச்சிமாரும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். வேப்பிலை அரைக்கும் உம்மம்மா, அதற்குப் பதிலாகச் சில இரவுகள் பிள்ளையைத் தன் பக்கத்தில் போட்டுத் தட்டித் தூங்கவைத்தால் பாதி வேலை முடிந்தது. பால் வாசனை இல்லாத மடியில் பிள்ளை வேறுவிதமாகத் தூங்கப் பழகும்.

வாப்பாவுக்கும் இதில் பங்குண்டு. குர்ஆனில் சூரா அல்பகராவின் 233ஆம் வசனம், பாலூட்டலை முழுமையாக்க விரும்புவோருக்கு இரண்டு வருடம் என்பதோடு நிற்கவில்லை. அதற்கு முன் பால் மறக்கடிப்பதானால் தாயும் தகப்பனும் கலந்து பேசி மனமொத்துச் செய்யலாம் என்கிறது. நடைமுறையில் அந்தக் கலந்து பேசுதலைத்தான் நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். இரண்டு வயதோடு நிறுத்தியாக வேண்டும் என்று மருத்துவமும் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை இரண்டு வயது வரை, அதற்கு மேலும் என்பதுதான்.

காய்ச்சல், புது வீடு, புதுத் தம்பி என்று பிள்ளை ஏற்கெனவே கலங்கியிருக்கும் நாட்களில் இதைத் தொடங்காதீர்கள். மார்புக்குப் பதில் சூப்பிப் போத்தலையும் கொடுத்துவிடாதீர்கள், பிறகு அதை மறக்கடிக்க இன்னொரு போராட்டம்; கோப்பையே போதும். மார்பு கனத்தால் நோவு தணியும் அளவுக்கு மட்டும் பாலைப் பீய்ச்சிவிடலாம். சிவந்து, கட்டி தட்டி, காய்ச்சலும் வந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.