களப்பணிக்கு வருகிறவர் யாரிடம் போய்ப் பேசுவார்?

எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலைப் படிப்பில் பெரும்பாலான கல்லூரிகளில் வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு இருக்காது. ஃபீல்டு ஒர்க். அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு மாணவர்கள் ஒரு தெருவுக்கோ குப்பத்துக்கோ போயாக வேண்டும். நடந்ததை அறிக்கையாக எழுதி ஆசிரியரிடம் காட்ட வேண்டும். தனி ஒருவருக்கு உதவுவது கேஸ் ஒர்க், குழுவோடு செய்வது குரூப் ஒர்க். ஒரு பகுதி மக்கள் தாங்களே கூடித் தங்கள் குறையைத் தீர்த்துக்கொள்ளத் துணைநிற்பது சமுதாய மேம்பாடு. கற்றுத்தரக் கடினமானது இந்த மூன்றாவதுதான்.

இந்தியாவில் சமூகப்பணிப் படிப்பு 1936-ல் பம்பாயில், இன்று டிஸ் என்று அழைக்கப்படும் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் தொடங்கியது. மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் 1952-ல் வந்தது. அதே ஆண்டு காந்தி பிறந்த நாளன்று நேரு அரசு 55 இடங்களில் சமுதாய வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. சாலை வந்தது, கிணறு வந்தது, விதை வந்தது. மக்கள்தான் வரவில்லை, சர்க்கார் வேலையைச் சர்க்கார் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட்டார்கள். 1957-ல் பல்வந்த்ராய் மேத்தா குழு இதைக் கண்டு, தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிகளிடம் பொறுப்பை ஒப்படைக்கச் சொன்னது.

பயிற்சி முறை மாறியது 1980-களின் இறுதியில். ராபர்ட் சேம்பர்ஸ் எழுத்தாலும், கர்நாடகத்தின் மைராடா போன்ற அமைப்புகளின் அனுபவத்தாலும் பி.ஆர்.ஏ. என்ற பங்கேற்பு முறை பரவியது. கணக்கெடுப்பு வினாப்பட்டியலை மூடி வைத்துவிட்டுக் கோலமாவை ஊர்க்காரர் கையில் கொடுத்துவிடுவார்கள். தரையில் அவர்களே ஊரை வரைவார்கள். வீட்டுக்குக் கூழாங்கல், மரத்துக்கு இலை. ஆண்கள் வரைந்தால் கோயிலும் மெயின் ரோடும் முதலில் வரும். பெண்களிடம் கொடுத்தால் தண்ணீர்க் குழாய், கழிப்பறை, இருட்டிய பிறகு போக முடியாத சந்து, சாராயக்கடை எல்லாம் வந்துவிடும். பயிற்சி பெறுபவர் அந்த நேரத்தில் வாயைத் திறக்காமல் இருக்கப் பழக வேண்டும். பேசியே மார்க் வாங்கியவர்களுக்கு இது லேசில் வராது.

இந்தப் பாடமெல்லாம் புதுச்சேரியின் முத்தியால்பேட்டையில் என்ன ஆகும்? அமெரிக்க அறிஞர் ஜாக் ராத்மன் 1968-ல் சமுதாயப் பணியை மூன்று வழியாகப் பிரித்தார். இந்தப் பகுதியில் மூன்றுக்கும் வேலை இருக்கிறது. தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டால் அக்கம்பக்கத்தார் கூடிப் பேசினால் போதும். அது முதல் வழி. எந்தத் தெருவில் எத்தனை குழந்தைகளுக்கு அங்கன்வாடி எட்டவில்லை என்று கணக்கெடுத்துத் திட்டமிடுவது இரண்டாவது. இங்குள்ள சோலை நகர்க் கடற்கரைக்கு இவை இரண்டும் போதாது. 1980-களின் இறுதியில் தெற்கே துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர் கட்டியதும் வடக்கே போகும் மணல் தடைபட்டது. வடக்கிலுள்ள மீனவக் கிராமங்களின் கரையைக் கடல் அரித்தது. மணல் கிடந்த இடத்தில் பாறாங்கற்களைக் கொட்டியதால் படகை இழுத்து நிறுத்த இடமில்லை. சுயஉதவிக் குழு நடத்தி மணலைக் கொண்டுவர முடியுமா? உரிமை கேட்டு அரசோடு மல்லுக்கு நிற்க வேண்டும்; அதுதான் மூன்றாவது வழி. வகுப்பறைகள் அதிகம் தொடத் தயங்குவதும் அதைத்தான்.

சரி, யாரிடம் போய்ப் பேசுவது? மீனவர் பகுதியில் ஊர்ப் பஞ்சாயத்தாரைப் பார்க்காமல் ஒரு கூட்டம் கூடப் போட முடியாது. அந்தப் பஞ்சாயத்தில் பொதுவாகப் பெண்கள் உட்காருவதில்லை என்பதால் அங்கே பேசியதோடு திரும்பிவிடவும் கூடாது. அடுத்து கவுன்சிலரைப் பார் என்று பாடப்புத்தகம் சொல்லும். புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2006-ல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011-ல் பதவிக்காலம் முடிந்தது. 2021-ல் அறிவித்த தேர்தலும் நின்றுபோனது. அதனால் எல்லாக் குறையும் எம்.எல்.ஏ. வீட்டு வாசலில்தான் போய் நிற்கிறது. களப்பணி மாணவரும் மனு எழுதிக் கொடுக்கும் ஆளாகச் சுருங்கிவிடுகிறார்.

காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்திலும் புதுவையின் மற்ற கல்லூரிகளிலும் சமூகப்பணி கற்பிப்பவர்கள் உள்ளாட்சி இல்லாத இந்த ஓட்டையைப் பாடமாகவே வைக்க வேண்டும். இன்று 21, 22 வயதில் பயிற்சிக்கு வரும் புதுச்சேரிப் பிள்ளைகளில் ஒருவர்கூடத் தன் ஊரில் கவுன்சிலருக்கு ஓட்டுப் போட்டதில்லை.