பட்டறை வாசலில் கறுத்த மண்

புக்கிட் தெங்கா போன்ற ஊரில் வாகனப் பட்டறையைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஏதாவது ஒன்றின் வாசலில் நின்று கீழே பாருங்கள், மாணவர்களே. சிமெண்டு முடிந்து மண் தொடங்கும் இடம் பல பட்டறைகளில் கறுத்துப் போயிருக்கும். எண்ணெய்தானே, மழையில் போய்விடும் என்று நினைப்போம். எண்ணெயையாவது மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்துவிடும். அதோடு வந்த உலோகங்களை எந்த உயிராலும் சிதைக்க முடியாது. ஈயம் ஒரு தனிமம். நூறு ஆண்டு கழித்தும் அது ஈயம்தான்.

இயந்திர எண்ணெயில் தேய்மானத்தைக் குறைக்கத் துத்தநாகச் சேர்மம் கலக்கிறார்கள். வண்டி ஓட ஓட இரும்பு, செம்புத் துகள்களும் அதில் சேர்கின்றன. பிரேக் தூளிலும் செம்பு உண்டு. ஆனால் முதல் குற்றவாளி பழைய பேட்டரி. சாதாரணக் கார் பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயமும் அதன் சேர்மங்களும். உள்ளே இருக்கும் திரவம் கந்தக அமிலம்.

அந்த அமிலத்தைத் தரையில் கொட்டினால் கேடு இரட்டிப்பாகும். களிமண்ணும் மட்கும் ஈய அயனிகளை இறுகப் பிடித்து வைக்கக்கூடியவை. அமிலம் சேர்ந்து பிஎச் மதிப்பு குறைந்தால், ஹைட்ரஜன் அயனிகள் அந்த இடங்களைப் பிடித்துக்கொள்ளும். உலோக அயனிகள் நீரில் கரைந்து நகரத் தொடங்கும். நம் நாட்டு மண்ணோ பெரும்பாலும் இயல்பிலேயே அமிலத்தன்மை உடையது. மழைக்கும் பஞ்சமில்லை.

கால்வாய்க்குப் போவது ஆற்றுக்குப் போகும். பக்கத்திலுள்ள ஜூரு ஆறு 1970களிலேயே மாசுக்குப் பெயர் பெற்று, கோலா ஜூரு மீனவர்களின் பிழைப்பைக் கெடுத்தது. அதில் பெரும் பங்கு தொழிற்சாலைக் கழிவுகளுக்கு. பட்டறைகளை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஆனால் சேற்றில் வாழும் கெராங் சிப்பிக்குக் காட்மியம் எங்கிருந்து வந்தது என்ற வேறுபாடு தெரியாது. நீரை வடிகட்டித் தின்னும் அது, உலோகத்தை உடலில் சேர்த்துக்கொள்கிறது.

செனகல் நாட்டின் டக்கார் நகர்ப்புறத்தில் பழைய பேட்டரிகளை மறுசுழற்சி செய்த இடத்து மண்ணைச் சலித்து ஈயத் துண்டுகளை எடுத்து விற்றார்கள். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை அங்கே 18 குழந்தைகள் இறந்தனர். விழுங்கிய ஈயத்தைக் குழந்தைகளின் உடல் பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு அதிகமாக ஈர்க்கிறது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கண்டறியப்படவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

மலேசியாவின் 2005ஆம் ஆண்டு விதிமுறைகளில் பழைய எண்ணெயும் ஈய பேட்டரியும் அட்டவணைக் கழிவுகள். உரிமம் பெற்றவர்களிடம்தான் ஒப்படைக்க வேண்டும். ஏற்கெனவே கெட்ட மண்ணில் சுண்ணாம்பு சேர்த்தால் உலோகம் நகர்வது குறையும், ஆனால் அது வெளியேறாது. சூரியகாந்தி போன்ற செடிகள் ஓரளவு உறிஞ்சும். அறுத்த செடியை ஆட்டுக்குப் போட்டுவிடக் கூடாது!

அப்பாவோ மாமாவோ பட்டறையில் வேலை செய்தால், வேலை உடுப்பைத் தனியாகத் துவைக்கச் சொல்லுங்கள். பட்டறைக்குப் பின்னால் கங்கோங் கீரை நட்டிருக்கிறீர்களா? அதைத் தொட்டிக்கு மாற்றி, வேறு இடத்து மண்ணைப் போடுங்கள்.