காலர் லேபிள் சொல்வதும் சொல்லாததும்

ஒரு பொருள் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்று அதன்மீதே எழுதும் வழக்கம், வாங்குபவரின் நலனை மட்டும் எண்ணிப் பிறந்ததன்று. 1887-ல் பிரிட்டன் வணிகக் குறிகளுக்கான ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தது. ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்துக் கத்திகள் ஷெஃபீல்டு கத்திகளின் பெயரில் மலிவாக விற்கப்படுவதாக உள்ளூர் உற்பத்தியாளர்கள் குமுறிய காலம் அது. அயல்நாட்டுப் பெயரைப் பொறித்துவிட்டால் மக்கள் அந்தக் கத்தியைத் தொடமாட்டார்கள் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். கணக்குத் தப்பியது. சில ஆண்டுகளில் 'மேட் இன் ஜெர்மனி' என்ற முத்திரையே தரத்தின் அடையாளமாகிவிட்டது.

இன்று அந்த எழுத்தைத் தேடிப் படிப்பவரின் கவலைகள் வேறு. பொருள் உடலுக்குக் கேடு செய்யுமா, அதைச் செய்தவர்கள் எப்படி நடத்தப்பட்டார்கள், அதற்காக எந்த ஆறு பாழானது என்று அவர் கேட்கிறார். ஒவ்வொன்றும் நியாயமான கேள்வி. ஆனால் லேபிளில் இருப்பது ஒரு நாட்டின் பெயர் மட்டுமே. அது இந்தக் கேள்விகளுக்குப் பாதி பதில்கூடத் தருவதில்லை.

முதலில், அந்தப் பெயர் குறிப்பது என்ன? ஒரு பொருள் பல நாடுகளைக் கடந்து உருவாகும்போது, கடைசியாகக் கணிசமான மாற்றம் எங்கே நடந்தது என்பதையே சுங்க விதிகள் பெரும்பாலும் பார்க்கின்றன. சட்டைக்கு அது தைத்த இடம். வங்கதேசத்தில் பருத்தி விளைச்சல் மிகக் குறைவு. அங்குள்ள ஆலைகளுக்குப் பஞ்சு வெளிநாடுகளிலிருந்தே வருகிறது. பஞ்சு விளைந்த நிலமும் நூல் நூற்ற ஆலையும் துணிக்குச் சாயமேற்றிய பட்டறையும் வேறு வேறு நாடுகளில் இருந்தாலும், காலரில் ஏறுவது தைத்த நாட்டின் பெயர்தான். கைப்பேசியில் இது இன்னும் வியப்பானது. 2009-ல் சீனாவிலிருந்து ஏற்றுமதியான ஐஃபோன் 3ஜி ஒன்றின் தயாரிப்புச் செலவை யுச்சிங் ஷிங், நீல் டெட்டர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தார்கள். மொத்தம் 178.96 டாலர். அதில் சீனாவில் பாகங்களைப் பூட்டிய கூலி 6.50 டாலர். மற்றதெல்லாம் ஜப்பான், தென்கொரியா, ஜெர்மனி, அமெரிக்கா போன்ற நாடுகளின் பாகங்களுக்குப் போனது. அந்தப் பெட்டியின் மேல் 'சீனா' என்று எழுதியிருந்தது பொய்யில்லை. ஆனால் அது முழு உண்மையும் இல்லை.

பழியைச் சுமத்துவதிலும் நாட்டின் பெயர் ஏமாற்றக்கூடியது. 2007-ல் அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம், சீனாவில் செய்த தன் பொம்மைகளை உலகெங்கும் கடைகளிலிருந்து கோடிக்கணக்கில் திரும்பப் பெற்றது. காரீயம் கலந்த வண்ணம் பூசப்பட்டிருந்தது என்ற செய்தி பரவி, சீனப் பொம்மை என்றாலே பெற்றோர் அஞ்சினர். காரீயம் இருந்தது உண்மை. ஆனால் திரும்பப் பெற்றவற்றில் மிகப் பெரும்பகுதிக்குக் காரணம் கழன்று விழும் சிறு காந்தங்கள். குழந்தை அவற்றை விழுங்கினால் குடல் ஓட்டையாகலாம். அந்தக் காந்தங்களை அப்படி வைத்தது மேட்டலின் சொந்த வடிவமைப்பு. அதே ஆண்டு செப்டம்பரில் நிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருவர் சீனாவுக்கே சென்று இதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

அதற்காக நாட்டின் பெயருக்கு அர்த்தமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. 2008-ல் சீனாவில் பாலில் மெலமைன் கலக்கப்பட்டு, ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் நோயுற்றார்கள். 6 குழந்தைகள் இறந்தார்கள். இந்தியா அந்த ஆண்டே சீனப் பால்பொருள்களைத் தடை செய்தது. ஒரு நாட்டில் கண்காணிப்பு எவ்வளவு விழிப்பாக இருக்கிறது என்பது உணவுப்பொருளுக்கு உயிர்ப் பிரச்சினை. இங்கே நாட்டின் பெயரைப் பார்த்து ஒதுங்குவது அறிவார்ந்த செயலே.

தொழிலாளர் நிலை பற்றிய கேள்விதான் எல்லாவற்றிலும் கடினமானது. அதற்கு டாக்காவை அடுத்த சாவர் நகரில் நடந்ததைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடத்தில் கீழே வங்கியும் கடைகளும், மேலே ஐந்து தையல் ஆலைகளும் இருந்தன. அந்தக் கட்டடம் ஆலைகளுக்காகத் திட்டமிடப்பட்டதன்று. மேல்மாடிகள் உரிய அனுமதியின்றி ஏற்றப்பட்டவை. 2013 ஏப்ரல் 23 அன்று சுவர்களில் விரிசல் கண்டது. மறுநாள் வங்கி திறக்கவில்லை. தையல் தொழிலாளர்கள் மட்டும் உள்ளே போகச் சொல்லப்பட்டார்கள். வராவிட்டால் சம்பளம் பிடிக்கப்படும் என்ற மிரட்டலும் இருந்தது. காலையில் மின்சாரம் நின்றது, மாடிகளில் இருந்த ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின, சற்று நேரத்தில் கட்டடம் சரிந்தது. 1,134 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 2,500 பேர் காயமடைந்தார்கள்.

வங்கி ஊழியரும் தையல்காரரும் ஒரே நாட்டில், ஒரே கூரையின் கீழ், ஒரே சட்டத்துக்கு உட்பட்டு வேலை செய்தவர்கள். ஒருவர் பிழைத்தார், ஒருவர் மாண்டார். வேறுபாடு நாட்டில் இல்லை. ஆர்டரைக் குறித்த தேதிக்குள் கப்பலேற்ற வேண்டும் என்ற நெருக்கடியில் இருந்தது. அந்த நெருக்கடியின் மறுமுனை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருந்தது. இடிபாடுகளுக்குள் கிடந்த லேபிள்களை எடுத்துக் காட்டிய பிறகுதான், அங்கே தங்கள் துணி தைக்கப்பட்டதைச் சில நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டன. ஆர்டர் எடுத்த ஆலை மற்றோர் ஆலைக்கு ஜாப் ஒர்க் கொடுத்துவிடுவதால், வாங்கும் நிறுவனத்துக்கே தன் சட்டை எங்கே தைக்கப்படுகிறது என்பது தெரியாமல் போகிறது. தெரிந்துகொள்ள விரும்பாத நிறுவனத்துக்கு அது வசதியும்கூட.

சான்றிதழ் இருந்தால் போதும் என்று நம்பவும் வழியில்லை. 2012 செப்டம்பரில் கராச்சியின் ஓர் ஆடை ஆலை எரிந்து 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலை எஸ்.ஏ. 8000 என்ற சர்வதேசத் தொழிலாளர் நலச் சான்றிதழைப் பெற்றிருந்தது. தீ வைக்கப்பட்டது என்று பின்னர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வைத்தவர் யாராக இருந்தாலும், உள்ளே இருந்தவர்களை வெளியேறவிடாமல் தடுத்தவை பூட்டிய கதவுகளும் கம்பியிட்ட சன்னல்களும். ஆடிட் செய்தவர்களின் கண்ணில் அவை படவில்லை.

இத்தகைய செய்திகளைப் படிக்கும் நல்ல மனம் படைத்தவர், இனி அந்த நாட்டுத் துணியே வேண்டாம் என்று முடிவெடுக்கலாம். அந்த முடிவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் வங்கதேசமே சாட்சி. குழந்தைகள் செய்த பொருள்களின் இறக்குமதியைத் தடுக்கும் மசோதா ஒன்றை 1992-ல் அமெரிக்க செனட்டர் டாம் ஹார்கின் கொண்டுவந்தார். மசோதா நிறைவேறவே இல்லை. ஆனால் அச்சத்தில் வங்கதேச ஆலைகள் சுமார் 50,000 குழந்தைகளை வேலையிலிருந்து நீக்கின. அவர்களில் பலர் பள்ளிக்குப் போகவில்லை. கல் உடைக்கவும் தெருவில் விற்கவும் போனார்கள், சிலர் பாலியல் தொழிலில் சிக்கினார்கள் என்பதை யுனிசெஃப் பின்னர் பதிவு செய்தது. 1995-ல் ஆலை முதலாளிகள் சங்கமும் யுனிசெஃபும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகே, நீக்கப்படும் குழந்தைக்குப் பள்ளியும் உதவித்தொகையும் என்ற ஏற்பாடு வந்தது. அக்கறை சரியானதுதான், ஆனால் அது கதவைச் சாத்துவதோடு நின்றுவிட்டால் அடி விழுவது யாருக்காக அக்கறைப்பட்டோமோ அவர்களுக்கே.

ராணா பிளாசாவுக்குப் பின் பலன் தந்தது புறக்கணிப்பன்று. 2013 மே மாதம் தொழிற்சங்கங்களும் ஆடை நிறுவனங்களும் ஒரு பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. மீறினால் சட்டப்படி பதில் சொல்ல வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. 200-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் சேர்ந்தன. 1,600-க்கும் மேற்பட்ட ஆலைகள் சோதிக்கப்பட்டன. ஒவ்வோர் ஆலையின் பெயரோடும் அறிக்கை வெளியானது. திருத்த மறுத்த ஆலையிடம் ஒப்பந்தத்தில் உள்ள எந்த நிறுவனமும் துணி வாங்கக் கூடாது. தீத்தடுப்புக் கதவுகள் வந்தன, மாடிப்படியில் பூட்டித் தொங்கிய இரும்புக் கதவுகள் அகன்றன.

இதே கதையின் மறுபக்கம் தமிழ்நாட்டில் இருக்கிறது. உலகின் பல வீடுகளில் உள்ள பனியனில் 'மேட் இன் இந்தியா' என்று எழுதியிருந்தால் அது திருப்பூரில் தைத்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். சாயப்பட்டறைக் கழிவு நொய்யலில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு உதவாத சாயநீர்த் தேக்கமானது. விவசாயிகள் வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் நூற்றுக்கணக்கான பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தினால்தான் திறக்கலாம் என்ற நிலை வந்தது. 2005-ல் வாங்கிய பனியனுக்கும் 2015-ல் வாங்கிய பனியனுக்கும் லேபிளில் எழுத்து ஒன்றேதான். இடையில் ஓர் ஆற்றங்கரையே போராடியிருந்தது. திண்டுக்கல் பகுதியிலும் 2022 ஏப்ரலில் ஓர் ஒப்பந்தம் உருவானது. பெண் தொழிலாளர்கள் மீதான பாலியல் வன்முறையை ஒழிக்க, தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்ற சங்கமும் ஆலை நிறுவனமும் வெளிநாட்டு ஆடை நிறுவனங்களும் சேர்ந்து செய்த ஏற்பாடு அது. அது பொருந்தியதும் 'இந்தியா'வுக்கு அன்று, பெயர் சொல்லக்கூடிய சில ஆலைகளுக்கு.

தூரத்திலிருந்து வரும் பொருள் சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் என்பதும் எப்போதும் சரியன்று. பிரிட்டனில் விற்கும் ரோஜாக்களைப் பற்றி 2007-ல் வந்த கிரான்ஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வில், கென்யாவிலிருந்து விமானத்தில் வந்த பூவைவிட, பக்கத்து நெதர்லாந்தில் சூடேற்றிய கண்ணாடிக் குடிலில் பூத்ததே அதிகக் கரியமில வாயுவை வெளியிட்டது.

இந்தியாவில் வாங்குபவருக்கு என்ன கிடைக்கிறது? இறக்குமதியான பொட்டலப் பொருளில் நாட்டின் பெயரும் இறக்குமதியாளரின் பெயர், முகவரியும் இருந்தாக வேண்டும். 2020-ன் விதிகளின்படி இணையக் கடைகளும் நாட்டின் பெயரைக் காட்ட வேண்டும். சில பொருள்களில் இதற்கு மேலும் போகலாம். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரையோடு 'சி.எம்./எல்.' என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் இட்டால், செய்தவரின் பெயரும் முகவரியும் வந்துவிடும். வெளிநாட்டு ஆலையானாலும் அப்படியே. சார்ஜரின் மேல் உள்ள 'ஆர்' பதிவு எண்ணுக்கும் இது பொருந்தும். சட்டைக்கு அப்படி ஓர் எண் கிடையாது. 2005-ல் நைக்கி தன் ஆலைகளின் பட்டியலை வெளியிட்ட பிறகு வேறு பல ஆடை நிறுவனங்களும் அதைப் பின்பற்றின. பட்டியல் அவற்றின் இணையதளத்தில் இருக்கும். வெளியிடாத நிறுவனத்திடம், எந்த நாடு என்று கேட்பதைவிட எந்த ஆலை என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புவது மேல்.