பழைய மில்லிங் மெஷினுக்குக் கம்ப்யூட்டர்: விருத்தாசலம் சொல்லும் வியாபாரக் கணக்கு

மில்லிங் என்றால் நமக்கு அரிசி மில்லும் மாவு மில்லும்தான் நினைவுக்கு வரும். இங்கே நாம் பேச வந்தது இரும்பைச் செதுக்கும் மில்லிங் மெஷினைப் பற்றி. மளிகைக் கடைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு.

கார்த்திகைக்கு நாம் விற்கும் பீங்கான் அகல் விளக்கு, கொலுவுக்கு வைக்கும் சிறு பொம்மை, பக்கத்து எலக்ட்ரிக் கடையில் தொங்கும் பியூஸ் கட்டை ஆகியவற்றுக்குப் பேர்போன ஊர் விருத்தாசலம். பழமலைநாதர் கோயிலும் ரயில் சந்திப்பும் ஒருபுறம் இருக்க, பீங்கான் தொழிற்பேட்டையும் 1960-களில் தொடங்கிய அரசு செராமிக் தொழில்நுட்பக் கல்லூரியும் அவ்வூருக்குப் பெயர் தந்தன. அருகிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியோடு வெள்ளைக் களிமண்ணும் கிடைப்பது இத்தொழிலுக்குப் பெரிய பலம்.

அச்சுதான் முதல்

பொம்மைக்கு மண் கூழைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். பியூஸ் கட்டை போன்றவற்றுக்கு மண்ணை இரும்பு அச்சில் வைத்து அழுத்துவார்கள். அந்த இரும்பு அச்சைச் செதுக்குவதுதான் மில்லிங் மெஷினின் வேலை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மண் காயும்போதும் சூளையில் வேகும்போதும் சுருங்கும். நூற்றுக்குப் பத்து சுருங்கும் மண் என்று வைத்துக்கொள்வோம். வெந்த பொருள் 90 மில்லி மீட்டர் வேண்டுமானால் அச்சு 100 மில்லி மீட்டர் இருக்க வேண்டும். மண் கலவை மாறி, நூற்றுக்குப் பன்னிரண்டு சுருங்கினால் அதே பொருளுக்கு அச்சு 102.3 மில்லி மீட்டர் தேவை. அளவு தவறினால் பித்தளைக் கிளிப் கட்டையில் உட்காராது. சரக்கு திரும்பி வரும். நஷ்டம் பட்டறைக்காரருக்கு மட்டுமல்ல, முன்பணம் கொடுத்த வியாபாரிக்கும்தான்.

கையால் சக்கரம் சுற்றும் மெஷினில் புது அச்சுக்கு எல்லா அளவுகளையும் மறுபடி கணக்கிட்டு, முதலிலிருந்து செதுக்க வேண்டும். கம்ப்யூட்டர் மெஷினில் பழைய வரைபடத்தின் அளவு விகிதத்தை மட்டும் மாற்றினால் போதும். பண்டிகைக்கு முன் சரக்கு வந்து சேருமா என்பதை இந்த வேறுபாடே தீர்மானித்துவிடலாம்.

புதிது வாங்கத்தான் வேண்டுமா?

வேண்டும் என்ற கட்டாயமில்லை. உலகின் முதல் எண் கட்டுப்பாட்டு மெஷினே பழைய மெஷினை மாற்றியமைத்ததுதான். ஜான் பார்சன்ஸ் என்ற அமெரிக்கத் தொழிலதிபரின் யோசனையை ஒட்டி, எம்.ஐ.டி. கல்வி நிறுவனம் 1952-ல் அதை இயக்கிக் காட்டியது. ஏற்கெனவே இருந்த சின்சினாட்டி ஹைட்ரோடெல் மில்லிங் மெஷினில் மோட்டார்களைப் பொருத்தி, துளையிட்ட காகித நாடாவால் ஓட்டினார்கள்.

இன்றும் முறை அதுதான். கைச்சக்கரம் இருந்த இடத்தில் சர்வோ மோட்டார் வரும். சாதாரண திருகுத் தண்டுக்குப் பதிலாகப் பால் ஸ்க்ரூ வரும். அதனுடன் கட்டுப்பாட்டுப் பெட்டியும், எல்லை தாண்டினால் நிறுத்தும் சுவிட்சுகளும் சேரும். கனமான பழைய வார்ப்பிரும்பு உடம்பு அதிராமல் வெட்டும். அது நல்ல நிலையில் இருந்தால் பழைய இரும்பு விலைக்குப் போடுவது அறிவாகாது.

ஏமாறும் இடம்

பல காலம் ஓடிய மெஷினில் திருகு தேய்ந்து ஆட்டம் கொடுக்கும். சக்கரத்தைத் திருப்பிச் சுற்றினால் மேசை உடனே நகராது. அனுபவமுள்ள தொழிலாளிக்கு இது தெரியும். எப்போதும் ஒரே பக்கமிருந்து வந்து அளவைப் பிடிப்பார். பிழை மெஷினில் இருந்தாலும் அவர் கை அதைச் சரிசெய்துவிடும்.

கம்ப்யூட்டருக்கு அந்தக் கை கிடையாது. தேய்ந்த மெஷினில் அதை மாட்டினால் தவறான அச்சு வேகமாக வரும், அவ்வளவுதான். ஆட்டத்தை ஓரளவு மென்பொருளில் ஈடுகட்டலாம். ஆனால் மேசை வழுக்கும் பாதை நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் அந்த வித்தை பலிக்காது. முதலில் பாதையைச் சீவிச் சமப்படுத்த வேண்டும். பிறகே மோட்டார்.

வியாபாரத்தோடு பட்டறையிலும் முதல் போட்டவர்கள் நம்மில் உண்டு. அவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. உடம்பில் விரிசல், சுழல் தண்டு பேரிங்கில் தேய்மானம் உண்டா என்று வெளியாள் ஒருவரை வைத்துப் பார்க்கவும்.
2. முழுப் பணத்தையும் முன்னதாகத் தர வேண்டாம். நம்முடைய அச்சு ஒன்றை வெட்டி, அளந்து பார்த்த பிறகே கடைசித் தவணை.
3. தானாக ஓடும் மெஷினில் கை சிக்கும் அபாயம் அதிகம். தடுப்பும் அவசர நிறுத்தப் பொத்தானும் இல்லாமல் ஓட்டக்கூடாது.
4. பழைய தொழிலாளியை அனுப்பிவிட வேண்டாம். எந்த வேகத்தில் வெட்டினால் கத்தி உடையும் என்பது அவருக்குத்தான் தெரியும்.
5. மாதத்தில் சில நாள் வேலைதான் உண்டு என்றால், வெளியில் கூலிக்கு வெட்டி வாங்குவதே லாபம்.

நம் கடைக்கும் இதே கணக்கு

பழைய பிளாட்பாரத் தராசில் லோடு செல் பொருத்தி எலக்ட்ரானிக் ஆக்குவதும் இதே வகை வேலைதான். அங்கும் தட்டும் தாங்கியும் நேராக இல்லாவிட்டால், எண் பளிச்சென்று தெரியும், எடை தப்பாக இருக்கும். மாற்றிய தராசை முத்திரையிடாமல் பயன்படுத்துவது சட்டப்படி குற்றமும் ஆகும்.

இருப்புக் கணக்கும் அப்படியே. குடோனில் உள்ள மூட்டைக்கும் நோட்டில் உள்ள எண்ணிக்கைக்கும் பொருந்தாத கடையில் கம்ப்யூட்டர் வாங்கி வைத்தால், பொருந்தாத கணக்கு அழகாக அச்சாகி வரும்.

ஆகவே புதியதைக் கண்டு அஞ்சவும் வேண்டாம், பழையதை வெறுக்கவும் வேண்டாம். முதலில் ஆட்டத்தை எடுப்போம், பிறகு கம்ப்யூட்டரை மாட்டுவோம். செலவு செய்யும் முன் இந்த வரிசையை மறவாதவர்களுக்குப் பழைய இரும்பும் பொன்னாகும்.