பிறமொழியாரோடு கூடி வழிநடத்தல்: யப்பானியர் காட்டும் பாடம்

தன் இனத்தாரை நடத்திச் செல்லும் ஆற்றல் ஒன்று; தன் மொழியும் வழக்கமும் அறியாதாரைக் கூட்டி ஒரு கருமத்தை முடிக்கும் ஆற்றல் மற்றொன்று. முன்னதில் வல்லவரெல்லாம் பின்னதிலும் வல்லவராதல் இல்லை. இவ்வுண்மையைப் பெருமுயற்சியோடு கற்றுவருபவர் யப்பானியர்.

உடப்புக் கரையிற் கரைவலை இழுப்பதை நம்மிற் பலர் கண்டிருப்போம். அம்பாப் பாட்டு எழுந்ததும் அனைவர் கையும் ஒருங்கே கயிற்றை இழுக்கும். தனித்தனிக் கட்டளை வேண்டுவதில்லை. பாட்டு யாவர்க்கும் தெரியும். யப்பானியக் கம்பனிகளின் உள்வாழ்வும் இத்தகையதே. இளமையிற் சேர்ந்தவர் ஓய்வுபெறும்வரை ஒரே கம்பனியிற் பல பகுதிகளிலும் மாறிமாறிக் கடமையாற்றுவதே அங்கு நெடுங்கால வழக்கம். ஒரு யோசனையைக் கூட்டத்தில் வைக்குமுன் சம்பந்தப்பட்டோரைத் தனித்தனியே கண்டு இசைவு பெறுவர். இதற்கு 'நெமவாஷி' என்பது பெயர். மரத்தை இடம் பெயர்த்து நடுமுன் அதன் வேரைச் சுற்றிப் பக்குவஞ்செய்தல் என்பது அச்சொல்லின் மூலப்பொருள்.

பாட்டு அறியாதார் நடுவே இம்முறை தடுமாறும். 1985 ஆம் ஆண்டின் பின் யென் நாணயத்தின் மதிப்பு உயரவே, யப்பானியக் கம்பனிகள் பல தம் தொழிற்சாலைகளைப் பிறநாடுகளில் நிறுவின. அங்கே தலைவரின் மௌனத்தை உடன்பாடென்று ஒருவர் கொள்வார். மறுப்பென்று மற்றொருவர் கொள்வார். பொறியியலிற் சிறந்த மேலாளரும் தம் கருத்தை விளங்கவைக்க இயலாது இடர்ப்பட்டனர்.

இதற்கு அவர்கள் கண்ட பரிகாரங்கள் எவை? சோனி கம்பனியின் அக்கியோ மொரிட்டா 1963 இல் தம் குடும்பத்துடன் நியூயோர்க் நகரிற் குடியேறினார். அமெரிக்கர்க்குப் பொருள் விற்க வேண்டின் அவர்தம் வாழ்வை உள்ளிருந்து அறிதல் வேண்டும் என்பது அவர் கருத்து. ரக்குட்டன் கம்பனியோ 2010 இல் ஆங்கிலமே தன் அலுவலக மொழியென அறிவித்து, 2012 இல் அதனை முழுமையாக நடைமுறைப்படுத்தியது. ஏறக்குறைய 7,100 யப்பானிய ஊழியர் இதற்கு உட்பட்டனர். தாய்நாட்டிலிருந்தே அந்நியர்போல் உணர்ந்தோர் அவருட் பலர். மொழி கதவைத் திறக்கும். உட்சென்று பழகுதல் வேறொரு கல்வி.

2012 இல் யப்பானிய அரசின் சபையொன்று இத்தகைய தலைவர்க்கு வேண்டிய பண்புகளை மூன்றாக வகுத்தது. மொழியாற்றலும் கருத்துப் பரிமாற்றமும் முதலாவது. தாமாக முன்வருதல், ஒத்துழைத்தல், பொறுப்பேற்றல் ஆகியவை இரண்டாவது. பிறர் பண்பாட்டை விளங்கிக்கொள்ளலும் தாம் யார் என்பதை மறவாமையும் மூன்றாவது. இம்மூன்றாம் கூறு ஆழ்ந்து நோக்கத்தக்கது. தன்னை அறியாதவன் பிறனை அறிதல் அரிது.

அதே ஆண்டில் யப்பானிய சர்வதேச கூட்டுறவு முகவரகமாகிய ஜெய்க்கா, கம்பனி ஊழியரைத் தொண்டர்களாக வளர்முக நாடுகளுக்கு அனுப்பும் திட்டமொன்றைத் தொடங்கியது. 1965 முதல் இளைஞரை இவ்வாறு அனுப்பிவந்த அனுபவம் யப்பானுக்கு உண்டு. செல்லும் நாட்டின் மொழியை முன்னரே கற்று, அந்நாட்டாரின் பள்ளியிலோ அலுவலகத்திலோ அவரோடு ஒருவராய் உழைத்தல் அம்முறை. அதிகாரம் அங்கு உதவாது. கேட்டறிதலும், பொறுத்திருத்தலும், வழக்கத்துக்கு இசைந்து கருமமாற்றலுமே உதவும். வழிநடத்தும் ஆற்றல் இவ்வாறு அடங்கி நின்று பழகுவதால் வளர்கிறது என்பதே நாம் கொள்ளத்தக்க பாடம்.

இப்பாடத்திற்கு நாம் கடல் கடக்க வேண்டுவதில்லை. சிலாபத்திலிருந்து கற்பிட்டிவரை நமது கரையில் இந்துக்கள், இஸ்லாமியர், கத்தோலிக்கர், பௌத்தர் அடுத்தடுத்து வாழ்கின்றனர். முன்னேசுவரத்திற் பௌத்தரும் வந்து வணங்குகின்றனர். 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் பல்லாயிரவர் புத்தளப் பகுதியில் அடைக்கலம் புகுந்தனர். 2011 இல் முதற்பிரிவு இயங்கத் தொடங்கிய நுரைச்சோலை அனல் மின்னிலையம் சீன உதவியுடன் எழுந்தது. உலகம் நம் வாயிலுக்கே வந்துவிட்டது.

ஆயினும், அயற்கிராமத்துச் சிங்களப் பிள்ளையோடு பத்து வார்த்தை பேச நம் மாணவர் கூசுவாராயின், மேலதிகாரியின் ஆசனம் அவர்க்கு எட்டாக் கனியாகவே இருக்கும். தேர்வில் எத்துணைப் புள்ளி பெற்றும் பயனென்ன? ஆதலின் பழைய மாணவர்க்கு ஒன்று கூறுவோம். வணிகத்திலும் அரச சேவையிலும் பிறநாடுகளிலும் சிறந்து விளங்கும் நீங்கள், விடுமுறைதோறும் நம் மாணவர் ஒரு சிலரையேனும் பிறமொழியாரோடு கூடி வேலை பழகும் இடங்களிற் சேர்த்துவிடுதல் வேண்டும். மாணவர்களே, தமிழைத் திருந்தக் கற்று, சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் அஞ்சாது பேசிப் பழகுங்கள். நம் பாட்டை மறவாதிருப்போம். பிறர் பாட்டுக்கும் கைகொடுத்துக் கயிறிழுக்கக் கற்போம். கல்லூரித் தாய்க்கு இவ்விழாவில் நாம் சாத்தும் நன்மாலை அதுவே.